டொரன்டோ குளிர்காலத்திலும் சைக்கிளை விடாமல் ஓட்ட என்ன வழி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். டொரன்டோவில் விக்டோரியா பார்க் பக்கம் வீடு, நடுநகரில் வேலை, டான்ஃபோர்த் சாலை வழியாக ஏறத்தாழ 10 கி.மீ. சைக்கிள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சிரமமில்லாமல் போய்வருகிறீர்கள். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிற வாரத்தில் ஒரு நாள் தவறுகிறது, அடுத்த வாரம் மூன்று நாள் தவறுகிறது, பிறகு பேஸ்மென்ட்டுக்குப் போகும் சைக்கிள் மே மாதம்தான் மேலே வருகிறது. இந்த முறை குளிர்காலம் முழுக்க ஓட்டும் ஊக்கத்தை எப்படித் தக்கவைப்பது என்று கேட்கிறீர்கள்.

ஊக்கம் என்று எழுதியிருந்தாலும், கேள்வியின் கடைசியில் நீங்கள் சேர்த்திருக்கும் வரிகள்தான் முக்கியமானவை. விரல் நுனி மரத்துப்போகிறது, திரும்பும்போது கும்மிருட்டாக இருக்கிறது, எங்கே வழுக்கும் என்று தெரியவில்லை, காலையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றே பத்து நிமிடம் போய்விடுகிறது. முதல் மூன்றும் சாமானால் தீர்பவை. நாலாவது, முடிவை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதால் வருவது. சைக்கிள் பழுதுபார்ப்பிலும் குளிர்கால ஓட்டிகளுக்கு ஆலோசனை சொல்வதிலும் பல வருஷம் இருந்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: நடுவில் விட்டுவிடுகிறவர்கள் மனவலிமை குறைந்தவர்கள் கிடையாது. நாலு நாள் கை வலிக்க வலிக்க ஓட்டியவருக்கு ஐந்தாம் நாள் மனசு வராது. உடம்பு அதற்குள் பாடம் படித்துவிட்டது. அதனால் முதலில் வலியையும் பயத்தையும் எடுத்துவிட்டு, பிறகு மனசைப் பற்றிப் பேசலாம்.

கையிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது கைதான். சைக்கிளில் கை அசையாமல், காற்றுக்கு நேராக, குளிர்ந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடக்கும்போது போதுமாக இருக்கும் கையுறை இங்கே போதாமல் போவது அதனால்தான். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரைதான் பலருக்கும் தாங்கும். அதற்குக் கீழே விரல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் கையுறை நல்லது. அதையும்விட நல்லது ஹேண்டில்பாரிலேயே மாட்டிவைக்கும் பெரிய உறை. கடைகளில் பார் மிட், போகி என்று கேட்டால் தருவார்கள். பிரேக்கும் கியரும் உறைக்குள்ளேயே இருக்கும், உள்ளே மெல்லிய கையுறை போட்டால் போதும், காற்று கையைத் தொடவே தொடாது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் குளிர்காலத்துக்கு ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். நேர் ஹேண்டில்பாருக்கும் வளைந்த ஹேண்டில்பாருக்கும் உறை வேறு வேறு, பார்த்து வாங்குங்கள்.

காலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. குளிருகிறதே என்று அதே ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடுவார்கள். ஷூ இறுகும், ரத்த ஓட்டம் குறையும், பாதம் முன்னைவிட அதிகமாகக் குளிரும். ஒரு சைஸ் பெரிய ஷூ அல்லது சாதாரண குளிர்கால பூட், அதற்குள் ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், கால்விரல்களை உள்ளே மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். ஷூவைப் பெடலில் பூட்டும் வகை வைத்திருந்தால், அடியில் இருக்கும் இரும்புத் தகடு வழியாகக் குளிர் நேராகப் பாதத்துக்கு ஏறும். குளிர்கால மாதங்களுக்குத் தட்டையான பெடலுக்கு மாறிவிடுங்கள். வழுக்கினால் சட்டென்று காலை ஊன்றவும் அது உதவும்.

உடம்புக்கு நிறைய போடக் கூடாது. வீட்டு வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்; பேப் அவென்யூ வருவதற்குள் வியர்த்துவிடும், வழியில் வரும் ப்ளோர் பாலத்தின் மேல் காற்று அடிக்கும்போது அந்த வியர்வையே குளிரும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், மேலே மெல்லிய ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. பருத்தி வேண்டாம். ஊரில் வெயிலுக்கு இதம் தரும் அதே பருத்தி, இங்கே வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். காதை மூடும் மெல்லிய தொப்பி ஹெல்மெட்டுக்குள் போகுமா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு குளிர் வரை போகலாம் என்பதற்கு வெப்பமானியின் எண் மட்டும் போதாது, காற்றையும் சேர்க்க வேண்டும். கனடா வானிலைத் துறையின் கணக்குப்படி பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியும் மணிக்கு 20 கி.மீ. காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 18 மாதிரி. மைனஸ் 15 ஆனால் அதே காற்றில் மைனஸ் 24. காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால் முகத்தில் அந்தக் காற்று அடிக்கும். காற்றோடு சேர்ந்த அளவு மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். உங்கள் பயணமே அரை மணி நேரத்துக்கு மேல் என்பதால் அந்த எண்ணை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். டொரன்டோவில் ஜனவரி மாதச் சராசரி பகலில் மைனஸ் 1-ஐ ஒட்டியும் இரவில் மைனஸ் 7-ஐ ஒட்டியும்தான் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டும் நாட்கள் குளிர்காலம் முழுவதிலும் கொஞ்சம்தான்.

அடுத்தது இருட்டு. கடிகாரம் மாறியதும் சூரியன் மாலை 5 மணியை ஒட்டி மறைந்துவிடும்; டிசம்பர் முதல் பாதியில் 4.40-க்கே மறையும். ஜனவரி தொடக்கத்தில் காலை 7.50 வரை உதிக்காது. அலுவலக நேரத்தில் போய்வருகிறவருக்குத் திரும்பும் பயணமாவது இருட்டில்தான் என்று முன்பே ஒப்புக்கொள்வது நல்லது. ஒன்டாரியோ சட்டப்படி சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிலிருந்து உதித்து அரை மணி வரை முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ வேண்டும். முன் ஃபோர்க்கில் வெள்ளை, பின் ஃபோர்க்கில் சிவப்பு பிரதிபலிக்கும் பட்டையும் வேண்டும். சட்டம் கேட்பது குறைந்தபட்சம். பின்னால் இரண்டு விளக்கு வைத்து ஒன்றை மின்னாமல் நிலையாக எரியவிடுங்கள். மின்னும் விளக்கு கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க நிலையான விளக்குதான் உதவும். தெருவிளக்கு உள்ள சாலைக்கு 200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) முன்விளக்கு போதும். விளக்கில்லாத பாதை என்றால் 500 லூமன் வாங்குங்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்காமல் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். பிரதிபலிக்கும் பட்டையை முதுகில் மட்டும் போடாமல் கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் போகும் அந்த இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததுமே, முன்னால் ஓர் ஆள் பெடல் மிதிக்கிறார் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

இருட்டைவிட ஆபத்தான ஒரு வெளிச்சமும் உங்கள் வழியில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டொரன்டோவின் தெருக்கள் நேர் கிழக்கு மேற்காக இல்லை. மேற்கே போகும் சாலை சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கும். பிப்ரவரி நடுவில் சூரியன் மறைவது ஏறக்குறைய டான்ஃபோர்த்தின் நேர்கோட்டில். மாலை ஐந்து மணிக்குமேல் நீங்கள் கிழக்கே வீடு நோக்கி வரும்போது உங்கள் முன்னால் சாலை பளிச்சென்று தெரியும், எதிரே மேற்கு நோக்கி வரும் ஓட்டுநருக்கோ கண்ணில் சூரியன், அழுக்கும் உப்பும் படிந்த கண்ணாடி. அவர் இடது பக்கம் திரும்பினால் நேராக உங்கள் பாதையில்தான் வருவார். அந்த வாரங்களில் பகல் வெளிச்சத்திலும் முன்விளக்கை எரியவிட்டு, பச்சை விளக்கு இருந்தாலும் சந்திப்பில் வேகத்தைக் குறையுங்கள்.

இனி வழுக்கல். எந்தப் பனி வழுக்கும், எது வழுக்காது என்று பிரித்துத் தெரிந்தால் பயம் பாதியாகும். புதிதாகப் பெய்து இன்னும் யாரும் மிதிக்காத 3 அல்லது 4 செ.மீ. பனி நல்ல பிடிமானம் தரும், டயருக்கு அடியில் முறுக் முறுக்கென்று சத்தம் கேட்கும். சத்தம் சட்டென்று நின்றால் ஐஸ் மேல் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம், காதைக் கொடுத்துக் கேளுங்கள். கார்கள் மிதித்து உப்போடு குழைந்து பழுப்பாகக் கிடக்கும் சேறு முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த தடங்கள் கல் மாதிரி இறுகி, டயரைத் தண்டவாளம்போல் பிடித்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கருப்பு ஐஸ். வெறும் ஈரமான தார் மாதிரியே இருக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் போகும் நாட்களில்தான் அது உருவாகும். அதனால் மைனஸ் 12-இல் காய்ந்து கிடக்கும் சாலையைவிட, முந்தின நாள் பிளஸ் 2-ஆக இருந்துவிட்டு இன்று காலை மைனஸ் 2-ஆக இருக்கும் சாலைக்குத்தான் பயப்பட வேண்டும். பாலம் முதலில் உறையும், அடியிலிருந்தும் காற்று குளிரவைப்பதால். டான் பள்ளத்தாக்கின் மேல் போகும் ப்ளோர் பாலம் உங்கள் வழியில் இருக்கிறது, அங்கே எப்போதும் ஒரு படி மெதுவாகப் போங்கள்.

ஐஸ் மேல் ஏறிவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், அழுத்தி மிதிக்காதீர்கள். ஹேண்டில்பாரை நேராக, ஆனால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு உருண்டு கடந்துவிடுங்கள். வேகம் குறைக்கத்தான் வேண்டுமென்றால் பின் பிரேக் மட்டும், மெதுவாக. சீட்டை 1 அல்லது 2 செ.மீ. இறக்கி வைத்தால் உட்கார்ந்தபடியே கால் தரையில் எட்டும். நடுநகரில் குயீன், கிங், டன்டாஸ், காலேஜ் வீதிகளின் ஸ்ட்ரீட்கார் (டிராம்) தண்டவாளங்கள் ஈரமானாலே சோப்பு மாதிரி இருக்கும். அவற்றை முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்ந்து போனால் தண்டவாளத்தின் பள்ளத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

ஸ்டட் டயர் என்கிற ஆணி டயர் வேண்டுமா என்று கேட்பீர்கள். டயரின் ரப்பருக்குள் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சின்னச் சின்ன ஆணிகள் பதித்திருப்பார்கள், அவை ஐஸைக் குத்திப் பிடிக்கும். ஷ்வால்பே மாரத்தான் வின்டர் மாதிரியானவை உங்களுக்குப் போதும். ஐஸில் இவை வேலை செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. டொரன்டோவில் தினமும் தேவையா என்பது வேறு கேள்வி. உப்பு தூவிய பெரிய சாலையில் பெரும்பாலான நாட்கள் வெறும் தார்தான் தெரியும், அங்கே ஆணி டயர் சத்தமும் கனமும்தான் கூட்டும். முழு வழியும் பெரிய சாலை, ஐஸ் நாளில் ரயிலில் போகத் தயார் என்றால் இல்லாமலும் ஓட்டலாம். வீட்டிலிருந்து டான்ஃபோர்த் வரை உள்ள சின்னத் தெரு உறைந்தே கிடக்கிறது, பயம்தான் உங்களை நிறுத்துகிறது என்றால் வாங்கிவிடுங்கள்; அந்த நிம்மதிக்கே அது மதிப்புள்ளது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பல சமயம் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் அதே நொடி தரையில் கிடப்பீர்கள். புது டயரை முதல் 40 கி.மீ. தார்ச் சாலையில், திடீர் பிரேக்கும் திடீர் வேகமும் இல்லாமல் ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். இல்லாவிட்டால் உதிரத் தொடங்கும். அம்புக்குறி காட்டும் திசையில் மாட்டவும் மறக்காதீர்கள்.

காற்று விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரி சூட்டில் இருக்கும் வீட்டுக்குள் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த டயர், வெளியே மைனஸ் 10-இல் 52 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும். பஞ்சர் இல்லை, காற்று குளிர்ந்து சுருங்குகிறது. பனியில் சற்றுக் குறைந்த காற்று பிடிமானத்துக்கு நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்த டயர் இன்னும் இறங்கினால் குழியில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள்.

குளிர்காலத்தில் சைக்கிளைக் கொல்வது பனி இல்லை, உப்பு. சாலையில் தூவும் உப்பு கரைந்து செயினிலும் ஸ்போக் நுனிகளிலும் பிரேக் கம்பியிலும் ஏறி, ஒரே வாரத்தில் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்று சுற்றுங்கள். துணியில் கருப்பும் வெள்ளையும் கலந்த சேறு ஒட்டி வரும், துணியை மாற்றிப் பிடித்து இன்னும் பத்துச் சுற்று. ஒரு நிமிட வேலை. வாரம் ஒரு முறை ஈரத்துக்கான செயின் ஆயிலை ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஆயில் மணலைத்தான் சேர்க்கும். மெழுகு பூசுவது நல்லதா, ஆயில் நல்லதா என்பதில் பழுதுபார்ப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உப்புத்தண்ணீரில் தினமும் ஓடும் சைக்கிளுக்கு மெழுகு சீக்கிரம் கழுவிப் போய்விடுகிறது என்பதால் நான் ஆயில் பக்கம். மட்கார்டு இரண்டு சக்கரத்துக்கும் கட்டாயம், அதற்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பனி அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

குளிர் நாளில் வரும் சில கோளாறுகளைப் பார்த்தால் சைக்கிள் உடைந்துவிட்டது என்றே தோன்றும். பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் ஓடவில்லை என்றால், பின்சக்கர நடுப்பகுதிக்குள் சின்னக் கொக்கிகள் கெட்டியான கிரீஸிலோ உறைந்த தண்ணீரிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுச் சூட்டில் வைத்தால் சரியாகிவிடும். மறுபடி வராமலிருக்கக் கடையில் பழைய கிரீஸை எடுத்துவிட்டுக் குளிருக்கான மெல்லிய ஆயில் போடச் சொல்லுங்கள். பிரேக் கம்பி இறுகினால் உறைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்திருக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் முதல் அழுத்தலில் ஐஸ்தான் தேயும், பிடிக்காது. சந்திப்புக்கு முன்பே லேசாக அழுத்தித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். பூட்டு உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், பத்து நிமிடத்தில் அதுவும் உறையும். பூட்டைச் சாவித்துளை கீழே பார்க்கும்படி மாட்டுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். விளக்குகளை அலுவலகத்துக்குள் எடுத்துப்போங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியையும் உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜ் போடுங்கள்; உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஊக்கம் என்ற பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு, அரைத் தூக்கத்தில், இருட்டான ஜன்னலைப் பார்த்து முடிவெடுத்தால் எப்போதும் ரயில்தான் ஜெயிக்கும். முடிவை முதல் நாள் இரவே, எண்களை வைத்து எடுங்கள். ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்: காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 25 வரை போவேன், உறைமழை (தரையில் விழுந்ததும் உறையும் மழை) அறிவிப்பு இருந்தால் போக மாட்டேன், இரவில் 5 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தால் காலையில் போக மாட்டேன். எண்களை உங்கள் தைரியத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம், காலையில் மட்டும் மாற்றக் கூடாது. "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டி வகுத்துக்கொள்வதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். இது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை. அதே இரவு விளக்கைச் சார்ஜில் போட்டு, பையைக் கட்டி, உடைகளைப் போடும் வரிசையில் வாசலருகே மாட்டிவையுங்கள். காலையில் கையுறையின் ஜோடியைத் தேடும் இரண்டு நிமிடம் போதும், மனசு மாறிவிடும்.

தினமும் போவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். உங்களை முன்பு கவிழ்த்தது அந்தச் சபதம்தான் என்று நினைக்கிறேன்: ஒரு நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்றாகிவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வானிலை பார்த்து எந்த மூன்று என்று ஞாயிறு மாலை குறித்துவிடுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பழக்கம் படிவதைப் பற்றி நடந்த, 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அவர்கள் பழகியது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற சின்ன விஷயங்கள். பனியில் சைக்கிள் ஓட்டுவதற்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஒரு நாள் தவறுவது தோல்வியில்லை என்ற பகுதியை மட்டும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, நிறைய பேருக்கு இல்லாதது. டான்ஃபோர்த்தை ஒட்டியே இரண்டாம் வழித்தட சப்வே போகிறது. விக்டோரியா பார்க், மெயின், உட்பைன், காக்ஸ்வெல், பேப், பிராட்வியூ என்று ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு நிலையம் வந்துவிடும். நடுவழியில் கை மரத்தாலும், பனி அதிகமானாலும், சைக்கிளை நிலையத்தில் பூட்டிவிட்டு ரயிலேறிவிடலாம். நெரிசல் நேரத்தில் சைக்கிளை ரயிலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் நல்ல பூட்டும் ரயில் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும். முழு 10 கி.மீ.க்கும் மனசு வராத நாளில் பிராட்வியூ வரை மட்டும் ஓட்டுவேன் என்று கிளம்புங்கள். பாலத்துக்கு முன்னால் வந்து நின்றபின் பெரும்பாலும் மேலே போகத்தான் தோன்றும், தோன்றாவிட்டால் கீழே ரயில் இருக்கிறது.

வேகம் காட்டும் செயலியை டிசம்பரிலிருந்து அணைத்துவிடுங்கள். மைனஸ் 10-இல் காற்று 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தி கூடியது. அதோடு தடித்த உடை, மெதுவான டயர், குளிர்ந்த கிரீஸ். அதே உழைப்புக்கு வேகம் கணிசமாகக் குறையும். இது தெரியாமல் உடம்பு கெட்டுவிட்டதென்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பயணத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள், போன நாட்களை மட்டும் காலண்டரில் குறித்து வாருங்கள்.

உடல்நிலை பற்றிச் சொல்லும்போது நான் மருத்துவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, குளிரில் விரல் வெளுத்துப்போகும் தன்மை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. நம்மவர்களில் நீரிழிவு அதிகம் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குளிர் ஏறுவதே தெரியாது, அவர்கள் குளிர் நாளில் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது. தோல் வெளுத்து, மெழுகுபோல இறுகி, உணர்ச்சியற்றுப் போனால் தேய்க்காதீர்கள். உள்ளே போய் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மருத்துவ உதவி தேடுங்கள். காலை வெளிச்சத்தில் வெளியே இருப்பது பலருக்கு மனசைத் தெளியவைக்கிறது, மேகம் மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் வாரக்கணக்கில் எதிலும் ஈடுபாடே இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது சைக்கிள் ஊக்கத்தின் பிரச்சினை இல்லை, குளிர்கால மனச்சோர்வாக இருக்கலாம், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். வெயிலில் ஓட்டினால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். டொரன்டோ இருக்கும் அட்சரேகையில் நடுக்குளிர்கால வெயிலுக்கு அந்த வலு கிடையாது, நம் தோல் நிறத்துக்கு இன்னும் குறைவு. குளிரில் ஓட்டினால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று சொல்வதையும் நான் நம்பிச் சொல்ல மாட்டேன், அதை எதிர்பார்த்துத் தொடங்கினால் பிப்ரவரியில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். கடிகாரம் மாறுவதற்கு முன்பே விளக்கு, மட்கார்டு, ஹேண்டில்பார் உறை மூன்றையும் மாட்டிவிடுங்கள். நவம்பர் முழுக்கப் பனி இல்லாத இருட்டில் பழகுங்கள், பிறகு முதல் பனி பெய்த ஒரு சனிக்கிழமை காலை, வேலை அவசரம் இல்லாமல், காலியான வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் வட்டமடித்து, வேண்டுமென்றே பின் பிரேக்கைப் பிடித்து வழுக்கிப் பாருங்கள். மார்ச்சில் பகல் உருகி இரவு உறையும் வாரங்கள் வரும். அப்போதும் ஐஸ் இருக்கும், ஆணி டயரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ஏப்ரல் நடுவில் அதைக் கழற்றி இருட்டான இடத்தில் தொங்கவிட்டு, சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 0.75 சதவீதத்தைத் தொட்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள், 11 பல்சக்கர கியர் என்றால் 0.5-லேயே மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பல்லும் சேர்ந்து தேய்ந்து, செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும்.